நறநற

மூன்றரை மணிக்குக் காசிமேட்டில்
ஏலம் விட்ட பெட்டிகளுக்கு நடுவே
என் புளியங்கட்டையைப் போடுகிறேன்.
வஞ்சிரம் துண்டு போடக் கூட்டம் நிற்கும்,
சங்கராவுக்கும் நிற்கும்.
கிளிமீனை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை.
ராமேஸ்வரம் லாரியில்
மற்றதோடு மற்றதாய் வரும்,
ஐஸில் நிறம் செத்து.

உயிரோடு இருந்தபோது நீலமும் பச்சையுமாம்.
இப்போது, துவைத்துத் துவைத்து
வெளுத்துப்போன ஸ்கூல் யூனிபார்ம்.

வாயைப் பாருங்கள்.
பல்லெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி
அலகாகிவிட்டது.
கழுத்துக்குள் கத்தியை விட்டால்
இன்னொரு செட் பல்,
மேலே குழவி கீழே ஆட்டுக்கல்.
இரைப்பை கிடையாது.
தொண்டையிலேயே மாவாட்டி
நேரே குடலுக்கு அனுப்பிவிடுகிறது.

குடலைப் பிதுக்கினேன்.
வெள்ளையாய், நைசாய், ஒரு கை மணல்.

அதை வாங்கிக்கொள்ளத்தான் ஜெனோவா வருகிறாள்,
பொன்னேரி மீன்வளக் கல்லூரி,
குடலுக்குப் பதினைந்து ரூபாய்.
முகத்தில் மாஸ்க், கையில் ஃபார்மலின் டப்பா,
ஈரத்தில் நிற்கத் தெரியாத செருப்பு.

"பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும்கா.
மேல இருக்கிற பாசிதான் அதுக்கு வேணும்,
கல்லு வெளிய மணலா வந்துடும்.
பெரிய ஜாதின்னா ஒரு மீனு
வருஷத்துக்கு நூறு கிலோவுக்கு மேல போடும்.
சில தீவுல கரையே அதுதான்."

இதுவும் சொன்னாள்:
பெரும்பாலும் பெண்ணாகத்தான் தொடங்குமாம்,
பழுப்பாய், கண்ணில் படாமல்.
கூட்டத்து ஆண் செத்தால்
இருப்பதில் பெரிய பெண்
நிறம் மாறி ஆணாகிவிடும்.

பக்கத்துக் கட்டை சொர்ணா
செவுளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்:
"மாறினப்புறம் வூட்டு வேல யாருடி செய்யும்?"

வீடு இல்லையாம்.
சில வகை, ராத்திரியானால்
வாயிலிருந்து வழவழவென்று ஒரு சவ்வு விட்டு
தன்னைச் சுற்றிக்கொண்டு தூங்கும்.
அட்டை மாதிரிப் பூச்சிகள் கடிக்காமலிருக்க.
எங்கள் ஹவுசிங்போர்டு கொசுவலைதான்.
ஒரே வித்தியாசம், விடிந்ததும்
மடித்து வைக்க வேண்டாம்.
கிழித்துக்கொண்டு போய்விடலாம்.

நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் முதுகுக்குப் பின்னால்
கருங்கல் கொட்டிய கரை.
துறைமுகச் சுவர் தெற்கு மணலைத் தடுத்துக்கொண்டது,
மெரினா அகலமாகிக்கொண்டே போகிறது.
இந்தப் பக்கம் திருவொற்றியூர் வரைக்கும்
கடல் வந்து கதவைத் தட்டியது,
நாங்கள் கல்லைக் காட்டினோம்.
வலை காயப்போட இடமில்லாமல்
ரோட்டில் காயப்போட்டு
பஸ் டிரைவரிடம் ஏச்சு வாங்குகிறோம்.

"இதுல ஓர் ஆயிரத்தைக் கொணாந்து
இங்க வுட்டா?"

அவள் தலை நிமிராமல் லேபிள் எழுதினாள்.
"இல்லக்கா. உங்க கரை ஆத்து மணல்.
இது வேற மணல்.
அதுவுமில்லாம இந்தக் கலங்கல்ல
பவளம் நிக்காது. எதைத் தின்னும்?"

சரியாகத்தான் சொல்கிறாள்.
இருந்தாலும் அன்று முழுக்க
வெட்டிய ஒவ்வொரு கிளிமீனுக்கும்
கணக்குப் போட்டேன்:
நூறு கிலோ, நூறு கிலோ, நூறு கிலோ.
பதினொன்றோடு விட்டுவிட்டேன்.
கட்டையைக் கழுவிய தண்ணீர்
சாக்கடை வழியாகத் துறைக்கே போனது,
கொஞ்சம் வெள்ளையாய்.

மறுநாள், தண்டையார்பேட்டை மெஸ்காரர்
வந்ததும் வராததுமாகச் சண்டை.
"என்னம்மா க்ளீன் பண்ணே?
கொழம்புல மணலு. கஸ்டமருக்கு
பல்லுல நறநறன்னு மாட்டுது."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.
கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னேன்:
"தீவுண்ணா அது.
பாத்துத் துன்னச் சொல்லு."